ஆண்டவருடைய "சகோதரர்" யார்?



மே மாதம் முதல் தேதி, தொழிலாளரான அர்ச். சூசையப்பர் திருநாளன்று பூசையில் வாசிக்கப்பட்ட சுவிசேஷம் உங்களுக்கு நினைவிருக்கும். இயாகப்பன், சூசை, சீமோன், யூதா என்பவர்கள் இந்தத் தச்சன் மகனுடைய சகோதரரல்லவா என்று நாசரேத்தூரார் நம் ஆண்டவரை இளக்காரமாய்ப் பேசினார்கள் (மத். 13:55).

அன்றிரவு நம் பங்கில் ஒரு வீட்டில் ஜெபமாலை முடிந்ததும் இதைப்பற்றிப் பேச்செழுந்தது. மருமகள் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்த பெண். "மரியாளுக்கு வேறு பிள்ளைகளும் உண்டு என்றுதானே அத்தை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்" என்றாள். மாமியாருக்கு அது தேவமாதாவைத் தூஷிப்பதாகப் பட்டது. மனம் பொறாமல் கடுஞ்சொல் ஒன்று சொல்லிவிட்டார். அன்றுமுதல் அவ்வீட்டில் குடும்ப ஜெபம் நின்றுபோயிற்று. அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் இப்பேச்சு எழுவது ஆச்சரியமன்று. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு வந்தது. அதன் விடுதியொன்றுக்குச் சேலையூரின் பெயரே வழங்குகிறது. 1938 டிசம்பரில் உலகத்துப் புரோட்டஸ்டாண்டு மிஷனெரிமாரின் மாநாடும் அங்கே கூடியது. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களும் நம் அயலில் வாழ்கிறார்கள். ஒரே வசனத்தைப் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் மூன்று விதமாய் வாசிக்கிறார்கள். மூன்றையும் நேர்மையாய் அறிந்துகொள்வோம்.

முதலாவது, புரோட்டஸ்டாண்டு சகோதரரில் பெரும்பாலோர் கருத்து. கிரேக்க மூலத்திலுள்ள "அதெல்போஸ்" என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் உடன்பிறந்தான். ஒன்றுவிட்ட சகோதரனுக்கு அம்மொழியில் வேறு சொல் உண்டு, அர்ச். சின்னப்பரே அதை வழங்குகிறார் (கொலோ. 4:10). மரியாள் மகனைப் பெறும்வரை சூசையப்பர் அவளை அறியாதிருந்தார் என்றும் எழுதியிருக்கிறது (மத். 1:25). இவை தள்ளிவிடத்தக்க அற்ப நியாயங்களல்ல. ஆனாலும், தேவமாதா என்றும் கன்னிகை என்பதை லூத்தரே விசுவசித்தார். மெதடிஸ்டு சபையைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லியும் 1749-ல் அவ்வாறே எழுதினார்.

இரண்டாவது, கீழைச் சபைகளின் பாரம்பரியம். சூசையப்பருக்கு முந்திய மனைவியிடம் பிறந்த மக்களே இவர்கள் என்பார்கள். அர்ச். எப்பிபானியுஸ் இக்கருத்தை ஆதரித்தார்.

மூன்றாவது, நம் லத்தீன் சபையில் நிலைத்த கருத்து. அர்ச். எரோணிமுஸ் சுமார் 383-ல் எல்விதியுஸ் என்பவனை மறுத்து, இவர்கள் நெருங்கிய உறவினர் என்று விளக்கினார். அபிராகாம் தம் சகோதரன் மகனான லோத்தைச் சகோதரன் என்றே சொன்னார் (ஆதி. 13:8). இயாகப்பர், சூசை என்பவர்களின் தாயாகிய மரியாள் சிலுவையைப் பார்த்து நின்ற ஸ்திரீகளில் ஒருத்தி என்று அதே மத்தேயு சொல்லுகிறார் (27:56). வேறு பிள்ளைகள் இருந்திருந்தால், ஆண்டவர் தம் தாயாரை அருளப்பரிடம் ஒப்புவிப்பானேன்? "வரை" என்ற சொல்லோ, பின்னால் நிலைமை மாறிற்று என்று காட்டாது. சவுலின் மகள் மிக்கோலுக்குச் சாகும்வரை பிள்ளையில்லை என்கிறது வேதம் (2 சாமு. 6:23), செத்தபின் பெற்றாள் என்று யார் சொல்வார்?

தமிழருக்கு இது எளிதில் விளங்கும். பெரியப்பா மகனை அண்ணன் என்கிறோம். சித்தி மகளைத் தங்கை என்கிறோம். ஒரே வயிற்றில் பிறந்தவர்களா என்று வெளியூரார் விசாரித்தால்தான் உறவைப் பிரித்துச் சொல்லுகிறோம்.

இருப்பினும் உண்மையைச் சொல்லவேண்டும். இவ்வசனத்தை மட்டும் வைத்து வழக்கைத் தீர்க்க முடியாது. நம் விசுவாசம் வேதாகமத்தோடு திருச்சபையின் பாரம்பரியத்தையும் பற்றி நிற்கிறது. 553-ல் கூடிய கொன்ஸ்தாந்தினோப்பிள் சங்கம் மாதாவை நித்திய கன்னிகை என்றே அழைத்தது. வேதமும் பாரம்பரியமும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. ஆகையால் கத்தோலிக்கர் தயங்க வேண்டியதில்லை. ஆனால் வேதத்தை மாத்திரம் அளவுகோலாகக் கொண்டு வளர்ந்த பெண், தனக்குக் கற்பித்ததைச் சொன்னால் அது தூஷணமாகாது. கேள்விக்கு விடை சொல்லலாம், கேட்டவளைக் காயப்படுத்தலாகாது.

18-ம் நூற்றாண்டில் வீரமாமுனிவரும் தரங்கம்பாடி லூத்தரன் போதகர்களும் ஒருவரையொருவர் கண்டித்து நூல்கள் எழுதினார்கள். அவர்கள் வழிவந்த இரு சபையாரும் ஒன்றாய் அமர்ந்து வேதாகமத்தை மொழிபெயர்த்து 1995-ல் வெளியிட்டார்கள். பண்டிதர்களுக்குக் கூடியது நம் வீட்டுக் கூடத்தில் கூடாதா?

தம் சகோதரர் யாரென்று ஆண்டவரே சொல்லிவிட்டார்: பரலோகத்திலிருக்கிற பிதாவின் சித்தத்தைச் செய்கிறவர்களே (மத். 12:50). அந்த உறவில் மாமியாரும் உண்டு, மருமகளும் உண்டு.

ஆகவே அம்மா, இன்று மாலை நீங்களே மருமகளைக் கூப்பிடுங்கள். ஜெபமாலையை நீங்கள் தொடங்குங்கள். சுவிசேஷத்தை அவள் வாசிக்கட்டும். மகளே, அத்தை கூப்பிடும்வரை காத்திராமல் நீயும் விளக்கேற்றி வை. பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கற்கும் முதல் வேதவிளக்கம் அதுவே.

சேசுநாதரில் உங்கள் ஊழியன்,
பங்குக் குரு, சேலையூர்.