மோதிரத்தை மறுத்தவர்

சீடன்: ஐயா, டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில் ஓரிடம் என்னை உறுத்துகிறது. ஆதிக்க மோதிரத்தை ஃப்ரோடோ தானாகவே நீட்டுகிறான், மாயாவி கேண்டால்ஃப் மறுத்துவிடுகிறார். வல்லவர் விலகிக்கொண்டு, சின்னஞ்சிறு ஹாபிட் ஒருவன் தலையில் உலகின் பாரத்தை ஏற்றலாமா? இதை ஞானம் என்கிறார்களே!

குரு: மறுத்ததற்கு அவர் சொன்ன காரணம் என்ன?

சீடன்: அச்சம். எளியவர்மேல் தமக்குள்ள இரக்கத்தின் வழியாகவே மோதிரம் தம்மைப் பிடித்துக்கொள்ளும் என்கிறார்.

குரு: அந்த இடத்தில் நின்று யோசி. பேராசைக்காரன் அதில் சிக்குவான் என்பது யாருக்கும் விளங்கும். நல்லவன் தன் நன்மையாலேயே சிக்குவான் என்பது டோல்கீன் கண்டது. மோதிரம் ஏந்திய கேண்டால்ஃப், அதைச் செய்த இருள்வேந்தன் சௌரானைவிடக் கொடியவராகியிருப்பார் என்று 1963இல் ஒரு கடித வரைவில் எழுதினார். சௌரானின் ஆட்சியில் தீமை தீமையாகவே தெரியும். கேண்டால்ஃப் ஆண்டால் நன்மை என்ற பேரே மக்களுக்குக் கசந்துபோகும்.

சீடன்: பயன்படுத்தக் கூடாத வல்லமை அவருக்கு எதற்கு?

குரு: பிறரைத் தூண்டி எழுப்ப. ஐந்து மாயாவிகளைக் கிழவர்களின் உடலில், பசியும் களைப்பும் உள்ளவர்களாக, வாலார் என்னும் தெய்வங்கள் அனுப்பினார்கள். வலிமையை வலிமையால் எதிர்க்கக் கூடாது, அச்சுறுத்தி ஆளக் கூடாது என்பது கட்டளை. அப்போது ஓலோரின் என்ற பெயரில் இருந்த கேண்டால்ஃப், தாம் பலமற்றவர், சௌரானுக்கு அஞ்சுகிறவர் என்று தயங்கினார். அதனாலேயே நீ போக வேண்டும் என்றார் வாலாரின் தலைவர் மான்வே. 1980இல் வெளிவந்த 'அன்ஃபினிஷ்டு டேல்ஸ்' நூலில் இது இருக்கிறது. எனக்கு அந்தக் கதை முழுவதிலும் மிகப் பிடித்த செய்தி இதுதான்.

சீடன்: சாருமானுக்கும் அதே கட்டளைதானே?

குரு: ஆம், ஐவருக்கும் தலைவன் அவன். அறிஞர்கள் ஆண்டால்தான் உலகுக்கு நல்லது என்ற எண்ணத்தில் கெட்டான்.

சீடன்: ஆனால் மோதிரத்தை அழிக்கப் போன எரிமலையின் விளிம்பில் ஃப்ரோடோவும் அதைத் தனதென்றான். கேண்டால்ஃபின் கணக்கு பொய்த்ததே?

குரு: கணக்குப் போட்டிருந்தால், மோதிரத்தை முன்பு வைத்திருந்து அதற்கு அடிமையான கோல்லத்தை எப்போதோ கொன்றிருக்க வேண்டும். தன் உறவினன் பில்போ அவனைக் கொல்லாமல் விட்டானே என்று ஃப்ரோடோ குமுறியபோது, அந்த இரக்கத்தின் பக்கம் நின்றவர் கேண்டால்ஃப். கோல்லத்துக்கு இன்னும் ஏதோ வேலை மிச்சமிருக்கிறது என்று அவர் மனம் சொன்னது. என்ன வேலை என்று அவருக்கும் தெரியாது. கடைசியில் ஃப்ரோடோவின் விரலைக் கடித்து மோதிரத்தோடு நெருப்பில் விழுந்தவன் கோல்லம்.

சீடன்: ஃப்ரோடோவின் காயம் ஆறவே இல்லை, ஐயா. ஊர் திரும்பியும் அவனால் அங்கே வாழ முடியவில்லை.

குரு: அந்த வலியை மறைக்க ஒரு சமாதானமும் சொல்லாதே, டோல்கீனும் சொல்லவில்லை. ஆனால் எல்ஃப் தலைவர் எல்ரோண்டின் அவையில் அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவனே முன்வந்தான். அவனை அனுப்பிவிட்டு கேண்டால்ஃப் வீட்டில் இருந்துவிடவும் இல்லை. கூடவே நடந்தார், மோரியா சுரங்கத்தில் பால்ரோக் என்னும் நெருப்பரக்கனோடு பாதாளத்தில் விழுந்தார், போராடி உயிரையும் விட்டார். திருப்பி அனுப்பப்பட்டுத்தான் மீண்டும் வந்தார்.

சீடன்: பிறகும் ஹாபிட்டுகளின் ஊரான ஷயரின் எல்லையில் அவர்களைத் தனியே விட்டுப் போனாரே? ஊரைச் சாருமானின் ஆட்கள் பிடித்திருந்தார்களே!

குரு: போனார். இனி தம் உதவி அவர்களுக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டே போனார். அவர் சொன்னது சரி. ஷயரை ஹாபிட்டுகளே மீட்டார்கள்.