காரில் ஏறியது சம்மதமா?

ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வந்ததும் பெரிய சர்ச்சை. மழையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த கல்லூரி மாணவி முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். நடக்கக் கூடாதது நடந்து, அழுதபடி வீடு திரும்புகிறாள். அம்மா தலையில் தண்ணீர் ஊற்றி, மகள் சுத்தமாகிவிட்டதாகச் சொல்கிறாள். அம்மா செய்தது சரியா என்றுதான் ஊர் வாதாடியது. அவள் சம்மதித்தாளா என்ற கேள்வி கற்புக்குள் மூழ்கிப்போனது.

அந்த அம்மாவை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் கழுவுவதற்கு மகளிடம் என்ன அழுக்கு இருந்தது? கதையில் அவளுக்குப் பயமும் தடுமாற்றமும் சேர்ந்தே வருகின்றன. உடலால் எதிர்க்கவில்லை என்பதையே சம்மதமாகக் கொள்ளக் கூடாது என்று 2013இல்தான் சட்டத்தில் எழுதினார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து மழையில் நிற்கும் நாங்களும் யாராவது வண்டியை நிறுத்தினால் ஏறுகிறோம். வீட்டுக்குப் போகத்தான் ஏறுகிறோம்.