பீடிகைப் பூசலும் பொருள்கோளும்

குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குச் செல்லும் படகுகளில், நாகபூஷணி அம்மனை வழிபடச் செல்லும் சைவரும் நாகதீப விகாரையைத் தரிசிக்கச் செல்லும் பௌத்தரும் அருகருகே அமர்ந்து செல்கின்றனர். தீவில் இறங்கிய பின்னரே அவர்தம் வழிகள் பிரிகின்றன. அத்தீவோடு இணைத்துப் பேசப்படும் பழங்கதையும் அத்தகையதே. ஒரே கதை, பாளியில் ஒருவகையாகவும் தமிழில் பிறிதொருவகையாகவும் வழங்குகின்றது.

மணி பதித்த ஆசனம் ஒன்றிற்காக நாக அரசர் இருவர் பொருதனர். மகாவம்சம் அவர்களை மகோதரன், சூளோதரன் என்னும் மாமனும் மருமகனுமாகக் கூறும். புத்தர் தோன்றிப் பகை தணித்தார். அவர்கள் தமக்களித்த ஆசனத்தை வழிபாட்டுக்குரியதாக அவர்களிடமே விட்டுச் சென்றார். சாத்தனாரின் மணிமேகலை இப்பூசலை மணிபல்லவத் தீவில் வைத்துக் கூறும். அங்கோ புத்தர், பீடிகை தமக்குரியதெனக் கூறிப் போரை விலக்கி, அதன்மேல் அமர்ந்து அறமுரைக்கின்றார். ஒரு நூலில் ஆசனம் திரும்பக் கொடுக்கப்படுகின்றது. மற்றையதில் இருவர் கையிலிருந்தும் நீங்குகின்றது. ஆயினும், ‘எனது’ என்று படையெடுத்தவன் வென்றான் என இரண்டில் ஒன்றேனும் கூறவில்லை.

இக்கதையையே காணி உறுதிபோல வாசிப்போர் உளர் என்பதுதான் விந்தை. புத்தர் வந்தமையால் தீவு எமது என்பர் ஒரு சாரார். தமிழ்க் காப்பியம் பாடியமையால் எமது என்பர் மறுசாரார். அக்காப்பியமே பௌத்தக் காப்பியம் என்பதும், தமிழருள்ளும் பௌத்தர் வாழ்ந்தனர் என்பதும் இருவர்க்கும் வசதியாக மறந்துவிடுகின்றன. நாகதீபம் என்பது நயினாதீவு மட்டுமே என்பதுகூட முடிந்த முடிபன்று. 1936இல் வல்லிபுரத்திற் கிடைத்த பொன்னேட்டுச் சாசனத்தைக் கொண்டு, குடாநாடு முழுவதுமே அப்பெயரால் வழங்கியதெனக் கருதும் அறிஞர் பலர்.

‘அது எமது’ என்பது பிழையான வாசிப்பாக இருக்கலாம். அதற்கு மறுப்புரை போதும், சிறைச்சாலை வேண்டியதில்லை. ‘ஆகவே நீ இங்கு இருத்தலாகாது, இவனை அகற்றுங்கள்’ என்பதோ வாசிப்பே அன்று. அது அயலவன்மீது பிறரை ஏவுதல். சட்டம் தலையிடவேண்டிய இடம் இதுவே. இலங்கையின் 2007ஆம் ஆண்டு 56ஆம் இலக்கச் சட்டமும் இவ்வெல்லையையே வகுக்க முனைந்தது. பாரபட்சத்தையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் இன, மத வெறுப்புரையை அதன் மூன்றாம் பிரிவு குற்றமாக்குகின்றது.

எழுத்தில் தெளிவாக இருந்தது நடைமுறையில் தலைகீழாயிற்று. பௌத்த மடவாழ்வைத் தொட்டு ஒரு சிறுகதை எழுதிய சக்திக சத்குமார 2019 ஏப்பிரலில் இச்சட்டத்தின்கீழ்க் கைதாகி, நான்கு மாதங்கள் தடுத்துவைக்கப்பட்டார். முஸ்லிம்களைக் குறித்து 2016இற் கூறியவற்றுக்காக ஞானசார தேரருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதோ 2024இல். கதை உடனே பிடிபட்டது. பேச்சுக்கு எட்டாண்டுகள் ஆயின. மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீமின் நிலை இன்னுங் கொடிது. ‘நவரசம்’ என்னும் அவரது தமிழ்க் கவிதை நூல் தீவிரவாதத்தைத் தூண்டுவதெனக் கொள்ளப்பட்டு, 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் அவர் கைதானார். அந்நூலில் தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளே இருந்தன. 2021 டிசம்பரிற் பிணையும் 2023 டிசம்பரில் விடுதலையும் கிடைத்தன. வெறுப்பை அளக்கப் புகுந்தோர்க்குச் சொல்லின் பொருளே எட்டாதபோது, அளவுகோல் எவ்வளவு நேரியதாயினும் பயன் யாது?

நயினாதீவு அம்மன் கோயிலில், பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பராக்கிரமபாகு மன்னன் பொறிப்பித்த சாசனம் ஒன்று உண்டு. ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகரைப் பற்றியது அது. பொலனறுவையிலிருந்து ஆண்ட அம்மன்னன் தன் ஆணையை இங்குத் தமிழிலேயே சொன்னான்: யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் காற்கூறு பண்டாரத்துக்கு, முக்காற்கூறு உடையவனுக்கு, பிற வணிகப் பண்டம் ஏற்றியதாயின் செம்பாகம்.