புரைக்குப் பின்னால் ஒரு திரை

"பொரை நல்லா முத்தட்டும், அப்பறம் எடுத்துக்கலாம்." மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் கண் மங்கிய பெரியவர்களைப் பற்றி வீட்டில் பேச்சு எழுந்தால், யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். சொல்பவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். அன்று கண்ணின் லென்ஸை உறையோடு முழுதாக எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்புவார்கள். அந்தக் கண்ணாடியில் படி இறங்குவதே பாடு என்பதால், பார்வை முக்கால்வாசி போன பிறகு ஆபரேஷன் செய்வதில் நியாயம் இருந்தது.

அந்த நியாயம் இப்போது இல்லை. 1949-இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற மருத்துவர் மனிதக் கண்ணுக்குள் முதன்முதலாகச் செயற்கை லென்ஸ் வைத்தார். அது நம் ஊர் ஏழைக்கு எட்ட நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனது. வெளிநாட்டு லென்ஸின் விலை கட்டுப்படியாகாததால், 1992-இல் ஆரோலேப் தொடங்கி மதுரையிலேயே லென்ஸ் செய்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது. ஆரோலேப் பிறந்தது அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து. 1976-இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனை அது.

அவருடைய விரல்களைப் பற்றிச் சொல்லாமல் மதுரையில் கண்ணைப் பற்றிப் பேச முடியாது. முப்பது வயதையொட்டி வந்த முடக்குவாதம் அவரைப் பல மாதம் படுக்கையில் போட்டது, விரல்கள் கோணிப்போயின. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டுக் கண் மருத்துவத்துக்கு வந்தார். அந்த விரல்களுக்குக் கத்தி பிடிக்கப் பழக்கி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண்களுக்கு ஆபரேஷன் செய்தார். தன் உடம்பில் எது முடியும், எது முடியாது என்று நேராகப் பார்த்து, அதற்கேற்ப அன்றாடத்தை மாற்றிக்கொண்ட மனிதர் அவர். சர்க்கரை நோயோடு வாழ்பவர்களுக்கும் வேண்டியது இந்தக் குணம்தான்.

சர்க்கரை உள்ளவர்களுக்குக் கண்புரை மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வரும். ஆனால் பெரிய ஆபத்து லென்ஸில் இல்லை. அதற்குப் பின்னால், கண்ணின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஏறிய சர்க்கரை, அங்குள்ள மயிரிழை போன்ற இரத்தக்குழாய்களை நைந்துபோகச் செய்கிறது. அவை கசிகின்றன, அடைகின்றன. பிறகு நலிவான புதுக் குழாய்கள் முளைத்து, உடைந்து, கண்ணுக்குள் இரத்தம் கொட்டுகிறது. தொடக்கத்தில் வலி கிடையாது, பார்வைகூடக் குறையாது. பேப்பர் படிக்க முடிகிறது, பஸ் போர்டு தெரிகிறது என்பதால் கண் நன்றாக இருப்பதாக நம்பிவிடுகிறோம்.

புரை முத்தக் காத்திருப்பது இங்கேதான் கெடுதலாகிறது. லென்ஸ் வெளுத்து மூடிவிட்டால் நோயாளிக்கு வெளியே தெரியாதது போலவே, டாக்டருக்கும் உள்ளே தெரியாது. விழித்திரையில் கசிவு இருந்தால் முதலில் லேசரோ ஊசியோ போட்டு அதை அடக்க வேண்டும். அடக்காமல் புரையை மட்டும் எடுத்தால் வீக்கம் கூடக்கூடும். "லென்ஸ் வச்சும் சரியாத் தெரியலையே" என்ற வருத்தத்தில் பலவற்றுக்குக் காரணம், விழித்திரையில் முன்பே இருந்த கோளாறு.

ஆபரேஷன் தேதி குறித்ததும் வீட்டில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். மகன் லீவு போடுகிறார், மகள் ஊரிலிருந்து வருகிறார். பெரியவரோ சர்க்கரை டெஸ்டில் தேறிவிட வேண்டும் என்று இரண்டு நாள் சோற்றைக் குறைத்து, மாத்திரையைத் தானாகக் கூட்டிக்கொள்கிறார். இது ஆபத்து. சர்க்கரை திடீரென்று தாழ்ந்தால் மயங்கி விழ நேரும். ஆபரேஷன் அறைக்குப் போகும் நாளில் ஓர் எண் சரியாக இருப்பது மட்டும் போதாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட்தான் உண்மை நிலையைச் சொல்லும். சர்க்கரை ஏறி இறங்கினால் லென்ஸில் நீர் கூடிக் குறைந்து, கண்ணின் பவரே மாறும். அந்த நேரத்தில் வாங்கிய கண்ணாடி ஒரு மாதத்தில் பொருந்தாமல் போவதும் இதனால்தான்.

சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போவது நல்லது. இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுவதைத் தானாக நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லட்டும். ஆண்கள் சிறுநீர்த் தடைக்குச் சாப்பிடும் டாம்சுலோசின் போன்ற மாத்திரையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது கருவிழியைத் தளர்த்திவிடும். முன்கூட்டித் தெரிந்தால் டாக்டர் அதற்கேற்பத் தயாராக இருப்பார். பல்லில் சீழ், காலில் ஆறாத புண் இருந்தால் அதையும் மறைக்காமல் காட்ட வேண்டும், ஏனென்றால் சர்க்கரை உடம்பில் தொற்று சீக்கிரம் பரவும். ஆபரேஷன் முடிந்த பிறகு, சொட்டு மருந்து விடும் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குப்பி முனை இமையில் படக் கூடாது. கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கினால் விடியட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே போக வேண்டும்.

ஒரு நாள் ஆபரேஷனுக்கு இவ்வளவு ஏற்பாடு செய்யும் நாம், அதற்கு முந்திய பத்தாண்டில் விழித்திரையை ஒரு முறைகூடக் காட்டியிருக்க மாட்டோம். அதற்கு யாரும் தேதி குறித்துக் கொடுப்பதில்லை, வலியும் வந்து நினைவூட்டுவதில்லை. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொன்னது. 2021-இல் தமிழக அரசு கொண்டுவந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. பெரிய உதவி அது. ஆனால் கண்ணுக்குள் பார்க்க நாம்தான் நடந்து போக வேண்டும்.

சர்க்கரையையும் பிரஷரையும் அடக்கினால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 1998-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற இடங்களின் நுண்குழாய்ப் பாதிப்பு 25 விழுக்காடு குறைந்தது. பிரஷரை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு 37 விழுக்காடு. கண்ணைப் பற்றிப் பேசும்போது பிரஷரை நாம் நினைப்பதே இல்லை.

சர்க்கரை இருப்பது தெரிந்த உடனே ஒரு முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் விழித்திரையைக் காட்ட வேண்டும். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து தேனி ரோட்டில் பஸ் ஏறி, பெரியார் நிலையத்தில் மாறினால், அரவிந்த் மருத்துவமனை இருக்கும் அண்ணா நகர். அரை நாள் வேலை. கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் வெயில் கூசும், எழுத்து கலங்கும். அதனால் டூவீலரை வீட்டில் விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு இந்த மாதமே போய் வாருங்கள்.