புல்லுணவும் நல்லொழுக்கமும்

கொல்லி மலையை ஆண்ட வள்ளல் வல்வில் ஓரியின் வில்லாற்றலைப் புறநானூற்று 152ஆம் பாட்டில் வன்பரணர் புகழ்ந்துரைக்கின்றார். எய்த அம்பு ஒன்றே யானையை வீழ்த்திப் புலியைக் கொன்று, மானையும் பன்றியையும் உருட்டி, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்ததாம். தழையுண்ணும் யானையும் மானும், ஊனுண்ணும் புலியும் உடும்பும், இருவகையும் உண்ணும் பன்றியும் அவ்வொரு பாட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன. இவற்றுள் தழையுண்பவை நல்லன, ஊனுண்பவை தீயன எனப் பகுத்தல் பொருந்துமா?

மானையும் பசுவையும் ‘சாதுப் பிராணி’ என வழங்குகிறோம். ஆயினும் இணைதேடும் பருவத்தில் ஆண்மான்கள் கொம்பொடு கொம்பு பிணைத்துப் பொருகின்றன. சில வேளை உயிரும் துறக்கின்றன. மதம் பொழியும் களிறு தன்னை வளர்த்த பாகனையும் பொருட்படுத்துவதில்லை. கன்றீன்ற பசு அயலாரை முட்ட வரும். புள்ளிமான், தாதுச் சத்தை நாடி எலும்பையும் உதிர்ந்த கொம்பையும் கடிப்பதுண்டு.

இவை தழையுண்பது உடலமைப்பின் விளைவாகும். பசுவின் இரைப்பை நான்கு அறைகள் உடையது. முதலறையில் வாழும் நுண்ணுயிர்களே புல்லின் நாரைச் சிதைத்து உணவாக்கித் தருகின்றன. புலிக்கு அத்தகைய வயிறு வாய்க்கவில்லை. ஆதலின் மான் மேய்வதில் புண்ணியமில்லை. புலி வேட்டையாடுவதிற் பாவமுமில்லை.

மனிதன் நிலை வேறு. அவன் தேர்ந்து உண்ண வல்லவன். கொல்லியின் சரிவுகளில் விளையும் சாமையும் தினையும் கேழ்வரகும் அவன் பசியைத் தீர்க்கும். உயிரிரக்கத்தால் புலால் மறுப்பவன் செய்வது உயர்ந்த அறமே. ஆனால் உணவோடு அவ்விரக்கம் நின்றுவிடின் என்ன பயன்? புலாலைத் தீண்டாத நாவே ஏழையைச் சுடுசொல்லால் வாட்டுமாயின், உழைத்தவன் கூலியைக் குறைக்குமாயின், அதனைச் சாத்துவிகம் என்போமா? கீதையின் 17ஆம் அத்தியாயத்தில் உணவின் மூவகையைக் கூறிய கண்ணபிரான், அங்கேயே பிறர் மனம் நோகாத வாய்மையை வாக்கின் தவம் என்றும் வகுத்தருளினான்.

பாகவதம் கூறும் கஜேந்திரன் வரலாற்றையும் எண்ணுக. தழையுண்ணும் யானையாய் வந்தவன் முற்பிறப்பில் பாண்டிய மன்னன். ஊனுண்ணும் முதலையாய் வந்தவன் ஒரு கந்தருவன். யானையைக் காத்தது அதன் உணவன்று, சரணாகதியே. திருவாழியால் முதலையும் சாபம் நீங்கிற்று. இருவரையும் எம்பெருமான் கைவிடவில்லை.

விழாக் காண வந்துள்ள அன்பர்காள்! இலையில் இடும் அன்னத்திற் காட்டும் தூய்மையை, பந்தியில் அருகிருப்போரிடம் பேசும் சொல்லிலும் காட்டுவோம். அதற்குத் திருமால் திருவருள் துணைநிற்பதாக!