உறவுமுறை

மார்க்கையன்கோட்டையில் கணவனை இழந்தவள் தனியாக ஊரைவிட்டுக் கிளம்ப, கேள்வியில்லாமல் செல்லுபடியாகும் காரணம் ஒன்றுதான்: சாமி. "மதினி, எங்க கெளம்பிட்டீக?" என்று பேருந்து நிறுத்தத்தில் கேட்பவர்களிடம் "வீரபாண்டிக்கு" என்றால் போதும். எனக்கு அறுபத்திரண்டு வயது. ஆறு வருஷமாக இந்தப் பதிலைத்தான் சொல்கிறேன். ஆனால் நான் போவது போடிக்கு, ஒரு பெண்ணைப் பார்க்க.

இது பொய்யா என்று எனக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அவளைச் சந்தித்ததும் கோயில் பயணத்தில்தான். எங்க வீட்டுக்காரர் இறந்த மறுவருஷம், ராமேசுவரம் போன பெண்களின் வேனில் மகன் என்னை ஏற்றிவிட்டான். 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் தண்ணீர் விழ, ஈரக் கல்லில் வழுக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டவள் அவள். ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை, அவளும் தாலியறுத்தவள். கடைசித் தீர்த்தம் முடிந்தும் கையை விடவில்லை. பதினேழு வயதில் என் தோழி கல்யாணமாகிப் போனபோது நான் சாப்பிடாமல் கிடந்தது எதனால் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்படியானால் முப்பத்து நான்கு வருஷக் குடித்தனம் நாடகமா? இல்லை. அறுப்புக் காலத்தில் அவரோடு களத்தில் நின்றேன். கடைசி மாதங்களில் மலமும் மூத்திரமும் அள்ளினேன். பெண்ணுக்குப் பெண்மேல் ஆசை வரலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கே தெரியாததை நான் அவரிடம் எப்படி மறைத்திருக்க முடியும்?

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மகனிடம் காசு கேட்காமல் கிளம்ப முடிந்தது. நடத்துனர் எங்கே என்று கேட்பார். எதற்கு என்று கேட்கமாட்டார். சுருளி அருவிக்குப் போனோம், மதுரைக்குப் போனோம். இரண்டு கிழவிகள் கைகோத்து நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த வயதில் ஆசை இருக்கும் என்று எவரும் நம்பாததே எங்களுக்குப் பாதுகாப்பு. அது அவமானமும்கூட என்று பிறகுதான் உறைத்தது.

போன வருஷம் அவளுக்கு ஆபரேஷன். "நீங்க யாரும்மா?" என்று நர்ஸ் கேட்டார். "அக்கா" என்றேன். வெளியூரிலிருந்து வந்த மகன் கையெழுத்துப் போட்டான். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள் போயிருந்தால், துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தியாக நின்றுவிட்டுத் திரும்பியிருப்பேன்.

அங்கேதான் வித்தியாசம் தெரிந்தது. பேருந்து நிறுத்தத்தில் நான் மறைப்பது என் விஷயத்தை. ஊர் கேட்டதற்கெல்லாம் உண்மை சொல்லக் கடமைப்பட்டவள் இல்லை நான். ஆஸ்பத்திரியில் மறைத்ததோ எங்கள் இருவருடையதை. அவளைக் கேட்காமலே மறைத்தேன்.

1987-இல் மத்தியப் பிரதேசத்தில் லீலா, ஊர்மிளா என்ற இரண்டு பெண் காவலர்கள் மணந்துகொண்டார்கள். லீலாவும் கணவனை இழந்தவர்தான். இருவருக்கும் வேலை போனது. 2018-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய உறவு குற்றமில்லை என்றது. 2023-இல் திருமண உரிமை தர மறுத்தது. 2025 மே மாதம், பெற்றோர் அடைத்துவைத்த பெண்ணைத் தன் துணையோடு போகவிட்ட சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல என்றது. தீர்ப்பு வரலாம். ஆஸ்பத்திரி வாசலில் "நீங்க யாரு?" என்ற கேள்விக்கு நான்தான் வாய் திறக்க வேண்டும்.

தன்பாலினத் துணையை வங்கிக் கணக்கில் நாமினியாகப் போடத் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதியமைச்சகம் தெளிவுபடுத்தியது. இந்த முறை அவளைக் கேட்டேன். "என்னன்னு எழுதுவ?" என்றாள். உறவுமுறை என்ற கட்டத்தில் 'துணை' என்று எழுதினேன்.

பாஸ்புக்கில் பெயரைப் பார்த்துவிட்டு மகன் கேட்டான்: "இது யாரும்மா?"

"சாமி கும்பிடப் போறேன்னு சொல்லிட்டு நான் பாக்கப் போறவ."

அன்றிரவு அவன் சாப்பிடவில்லை. நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் இப்போதும் "வீரபாண்டிக்கு" என்றுதான் சொல்கிறேன். பயணத்தில் எனக்கு அன்பு கிடைத்தது, அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது என்பதால். ஆனால் இது என் இடம் என்று உட்கார, என்னைத் தெரிந்த ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டியிருக்கிறது.