ஓரறிவுயிரும் ‘இல்லை’ என்னும் சொல்லும்

அருகப் பெருமானின் திருவடிகளை மனமொழிமெய்களால் வணங்கி, சிராவக சிராவகியராகிய உங்கள்முன் ஒரு சிறு பெரணிச் செடியின் வரலாற்றை வைக்க விழைகின்றேன். அதன் வழியே நம் அறத்தின் இரு தூண்களாகிய அகிம்சையும் அநேகாந்தமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் முறையைக் காணலாம்.

நம் ஆகமங்கள் உயிர்களை நிற்பன என்றும் இயங்குவன என்றும் வகுக்கும். நிற்பனவற்றுள் தாவரவுடல் பெற்றவை ஊறு என்னும் ஒரு புலனால் வாழ்வன. அவற்றுள்ளும் கனி தரும் மரத்திற்கு நாம் நீர் வார்க்கின்றோம். மலர் தரும் கொடிக்குப் பந்தல் இடுகின்றோம். பூவாது, காயாது, பாறையிடுக்கில் ஒதுங்கி வாழும் பெரணியை நினைப்பார் அரியர். நமக்குப் பயன்படும் உயிரிடத்து மட்டும் காட்டும் பரிவு வாணிகமாகுமேயன்றி அருளாகாது.

ஆப்பிரிக்காவிற்கும் தென் அமெரிக்காவிற்கும் இடையே, அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவில் அசென்ஷன் என்னும் எரிமலைத் தீவு உள்ளது. பரப்பு ஏறத்தாழ 88 சதுர கிலோமீட்டர். அதன் நடுவே கிரீன் மவுண்டன் என்னும் மலை 859 மீட்டர் உயர்ந்து நிற்கின்றது. உலகில் வேறெங்கும் காணப்படாத பெரணியொன்று அம்மலைச் சரிவில் வாழ்ந்து வந்தது. கொத்துமல்லித் தழையை ஒத்த மிகச் சிறிய செடி அது. தாவரவியலார் அதற்கு அனோகிராமா அசென்ஷனிஸ் எனப் பெயரிட்டனர்.

அச்செடியைப் பகைத்து அழித்தவர் எவருமிலர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசிய மாலுமிகள் வழியுணவிற்காக ஆடுகளை அத்தீவில் விட்டுச் சென்றனர். அவை பசுமை கண்ட இடமெல்லாம் மேய்ந்தன. 1815இல் ஆங்கிலேயப் படையினர் குடியேறினர். 1843இல் அங்கு வந்த ஜோசப் ஹூக்கர் என்னும் தாவரவியலறிஞர், மரங்களை நட்டால் நீர்வளம் பெருகும் என்று அறிவுரை கூறினார். இலண்டனை அடுத்த கியூ தாவரவியல் பூங்காவின் துணையோடு வெளிநாட்டு மரஞ்செடிகள் வந்திறங்கின. மலை பசுமையுற்றது, ஆனால் புதியன பரவப் பரவ, பழைய சிறு பெரணிகளுக்கு வேரூன்ற இடம் குறைந்தது. இம்சைக்கு இலக்கணம் வகுத்த உமாஸ்வாமி ஆசாரியர் பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, அதன் வேராக வைத்ததன் நுட்பம் இங்கே விளங்குகின்றது. நல்லெண்ணமும் விழிப்பின்றேல் ஊறு விளைக்கும்.

1958க்குப் பின் அப்பெரணி எவர் கண்ணிலும் படவில்லை. தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். 2003இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் அதனை ‘அற்றுப்போனது’ என்று பதிந்தது. 2009இல் அத்தீவின் பாதுகாப்பு அலுவலர் ஸ்டெட்சன் ஸ்ட்ரவுடும் தாவரவியலாளர் பில் லாம்ப்டனும் அம்மலையின் செங்குத்தான சரிவொன்றில் அதே பெரணியைக் கண்டனர். நின்றவை நான்கே செடிகள்!

சிராவகப் பெருமக்களே, ‘இல்லை’ என்ற சொல் எவ்வளவு கனமானது என்று எண்ணிப் பாருங்கள். நம் ஸ்யாத்வாதம் ‘உண்டு’ என்பதையும் ‘இல்லை’ என்பதையும் தனித்துச் சொல்ல இசைவதில்லை. திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நான்கையும் சுட்டிய பின்னரே அச்சொற்கள் பொருள் பெறும். ஓர் உயிரினத்தின் நிலையை மதிப்பிடுவோரும் இந்நான்கையே வினவ வேண்டியவராகின்றனர். தேடுவது எவ்வினம்? அது வாழ்ந்த, வாழக்கூடிய இடமனைத்தும் பார்த்தாயிற்றா? தேடிய பருவம் ஏற்றதா? அவ்வுயிர் அப்போது எந்நிலையில் இருந்திருக்கும்?

இறுதி வினா பெரணிக்குப் பெரிதும் பொருந்தும். பெரணிக்கு விதையில்லை. இலையின் அடிப்புறத்தில் ஸ்போர் என்னும் நுண்துகள்கள் விளைகின்றன. ஈரத்தில் விழுந்த துகள் முதலில் நகக்கண்ணினும் சிறிய பச்சைத் தகடாகப் பரவும். அத்தகட்டில் நீர்ப்படலத்தின் துணையால் கருவுற்ற பின்னரே நாம் அறிந்த இலைச்செடி எழும். இலையைக் காணாதவர், அவ்வுயிர் வேறொரு பாவத்தில் அங்கே இருக்கலாம் என்பதை மறத்தலாகாது.

வகுப்பறையில் ஒரு பிள்ளை பல நாள் வாராவிடின், ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று குறிப்பார். பெயரை நீக்குவதோ வேறு செயல். வீட்டுக்குச் சென்று வினவாமல் பெயரை அடித்துவிட்டால், அப்பிள்ளையைத் தேடுவாரும் இலராவர். உயிரினங்களின் பட்டியலும் அத்தகையதே. ‘அற்றுப்போனது’ என்று எழுதியவுடன் காவலும் தேடலும் ஓய்ந்துவிடக்கூடும். ஆராயாமல் ‘நலமாக உள்ளது’ என்று எழுதுவதும் அதேயளவு தீங்கு. எவரும் அறியாமலே அது மறைந்துபோகும். ஆதலின் இன்று, ஐயம் நீங்காதவிடத்து ‘மிக அபாயநிலை, அற்றுப்போயிருக்கலாம்’ என்று குறிக்கும் வழக்கமும் சிவப்புப் பட்டியலில் உண்டு. ‘இருக்கலாம்’ என்னும் அச்சொல்லில் ஸ்யாத்வாதத்தின் குரல் நம் செவிக்குக் கேட்கின்றது.

கண்டவர்கள் கண்டதோடு நில்லாமல், வறண்ட அச்சரிவில் நின்ற செடிகளுக்கு நீர் கிடைக்க வழி செய்தனர். ஸ்போர்களைத் தூய்மை கெடாமல் திரட்டி விமானத்தில் கியூ பூங்காவிற்கு விடுத்தனர். ஆய்வுக்கூடத்தில் அவை முளைத்துச் செடிகளாயின. வெளிநாட்டு மரங்களை அனுப்ப முன்னர்த் துணைநின்ற அதே பூங்கா, பின்னர் அவ்வெளிய பெரணிக்குச் செவிலியாயிற்று. பிராயச்சித்தம் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ? ஆயினும் அச்சம் நீங்கவில்லை. முதிர்ந்தவை 50க்கும் குறைவாயின் அவ்வினம் மிக அபாயநிலையில் உள்ளதென்பது சிவப்புப் பட்டியலின் அளவைகளுள் ஒன்று. நான்கு எங்கே, ஐம்பது எங்கே!

இல்லறத்தாராகிய நமக்கு அநர்த்த தண்ட விரதம் விதிக்கப்பட்டுள்ளது. பயனின்றி மண்ணைக் கிளறுதல், நீரைச் சிந்துதல், தழையைக் கிள்ளுதல் யாவும் அதனால் விலக்கப்படுவன. மழைக்காலத்தில் மலைக்கோயில் படியேறும்போது பாறையிடுக்கில் பெரணி தளிர்த்திருக்கக் காண்பீர்கள். விளையாட்டாகப் பறிக்க நீளும் குழந்தையின் கையை அன்போடு தடுத்து, இஃதும் நம்போல் ஓர் உயிர் என்று சொல்லிக் கொடுங்கள். கிணற்றுச் சுவரையும் மதிலையும் செப்பனிடும் நாளில், எதை அகற்றுகின்றோம் என்று ஒருகணம் நின்று பாருங்கள். அறியாத உயிரைக் காத்தல் அரிது. உற்று நோக்கி அறிதலே அருளின் முதற்படி.

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணியும் ஒருங்கே ஒளிர்க. எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க. ஜினதர்மம் ஓங்குக.